இழுத்துப் பாராத பூட்டு

திருப்புக்கொளியூர் என முன்னாளில் வழங்கிய அவிநாசியைச் சூழவும், சோமனூர், பல்லடம் வரையிலும் தறியோசை கேளாத ஊர் அரிது. பாவிழை அறுந்தவுடன் தானே நின்றுவிடும் தறியை வாங்கும் நெசவாளர் விற்பவர் சொல்லை நம்பி அமைவதில்லை. ஓரிழையைத் தம் கையாலேயே அறுத்துப் பார்ப்பார். தறி நின்றாலன்றி நம்பார். அதையும் விற்கும் துணியில் செய்யார்; வெள்ளோட்டப் பாவில்தான் செய்வார். இவ்விரண்டு அறிவும் இன்று கணிப்பொறிச் செயலிக்கு வேண்டப்படுகின்றன.

2018 சனவரியில் 'மெல்ட்டவுன்', 'இசுபெக்டர்' என்னும் குறைகள் வெளிப்பட்டபோது, உலகம் நம்பியிருந்த பெருநிறுவனச் செயலிகளின் காப்பு ஓட்டையுடையது என்பது தெரிந்தது. அதே ஆண்டில், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் வடிவமைத்த 'சக்தி'ச் செயலி, சண்டிகரை அடுத்துள்ள குறைகடத்தி ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் முறையில் ஆக்கப்பட்டது. தமிழ் மண்ணில் வரைந்த செயலி என்று மகிழ்தல் தகும். ஆனால், நம்முடையது என்பதனாலேயே அது காப்புடையது ஆகிவிடுமோ? ஆகாது. இழுத்துப் பாராத பூட்டு எவருடையதாயினும் பூட்டன்று.

சக்தி பின்பற்றும் 'ரிசுக்-வி' கட்டளை நெறி எவரும் படிக்கத் திறந்து வைக்கப்பட்டது. இன்ன இடத்தைப் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என வரையறுக்கும் நினைவகக் காப்பும் அதில் உண்டு. இதைத் தானே ஆயும் நிரல், தடுத்த இடத்தை வேண்டுமென்றே தீண்டல் வேண்டும். தடையை ஏற்கும் நிரற்பகுதியை முன்னரே அமையாவிடின் பொறியே நிலைகுலையும். அப்பகுதி தடுக்கப்பட்ட கட்டளையைத் தாண்டிச் செல்லாவிடின், அக்கட்டளையே முடிவின்றி மீள மீள நிகழும். தடை விழுந்தது என்பது மட்டும் போதாது. படிப்பதைத் தடுத்தால் எண் 5, எழுதுவதைத் தடுத்தால் எண் 7 வரல் வேண்டும். 13 வருமாயின் தடுத்தது பக்க அட்டவணை என்னும் வேறொரு பூட்டு. ஆய வந்த பூட்டு ஆயப்படவே இல்லை. இசைவுள்ள இடத்தில் வழிவிடுகிறதா என்பதையும் பார்த்தல் வேண்டும். இல்லையேல் அனைத்தையும் தடுக்கும் பழுதுற்ற செயலியும் தேறிவிடும். நிலைப்பூட்டு இட்டால் செயலியை மீளத் தொடக்கும்வரை அகலாது. ஆகலின் அவ்வாய்வை இறுதியில் வைத்தலே அறிவுடைமை.

எல்லாவற்றினும் கொடியது பொய்த்தேர்ச்சி. காப்பே அமையாத செயலியில் நிரல் 'தேறியது' என உரைப்பின், அது ஆய்வன்று, ஏமாற்று. 'தேறியது', 'தவறியது' என்பவற்றோடு 'இக்காப்பு இங்கில்லை' என்னும் மூன்றாம் விடையும் நேர்மையாக எழுதப்படல் வேண்டும்.

ஆய்வு நிரல் எழுதுதலைக் கடைநிலை வேலையென இகழ்வார் உளர். வரைந்தவனுக்கு வரும் புகழ் ஆய்ந்தவனுக்கு வருவதில்லை. எனினும், வரைந்தவன் சொல் மெய்யாவது ஆய்ந்தவன் கையால் அன்றோ! நெறி திறந்தே கிடக்கிறது. அதைப் படிக்க எவர் இசைவும் வேண்டுவதில்லை. கொங்குநாட்டுப் பொறியியல் கல்லூரி மாணவர் இப்பணியில் இறங்குக. தன் பொருளைத் தானே குறை காணத் துணிந்த நாடே, பிறர் குறை காண அஞ்சாது நிமிர்ந்து நிற்கும்.