பிள்ளை மேல் கண் படட்டும்

குழந்தையைப் பிறர் எதிரில் புகழ நம் வீடுகளில் காலங்காலமாக ஒரு தயக்கம் உண்டு. "புள்ள நல்லா சாப்பிடுதே" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிட்டுப் போனால், அன்று அந்தியிலேயே உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போட்டுவிடுவார் பாட்டி. கன்னத்தில் ஒரு கருப்புப் பொட்டு, கூடவே "கண்ணு பட்டுடும்" என்று ஓர் எச்சரிக்கை. பிள்ளையின் நல்லதைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதே அதைக் காப்பாற்றும் வழி என்பது அந்தத் தலைமுறையின் கணக்கு. இன்றைய இளம் பெற்றோர் அதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறார்கள். தாளில் நாலு கோடு கிழித்தால் "சூப்பர்", தட்டில் இருந்த இட்லியை முடித்தால் "சூப்பர்", சறுக்கு மரத்தில் ஏறினால் "சூப்பர்டா செல்லம்". கையோடு படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போட்டாகிவிடுகிறது. பாராட்டாமல் வளர்த்ததால்தான் முந்தைய தலைமுறை கூனிக் குறுகியது, நாம் பாராட்டித் தன்னம்பிக்கையை ஊட்டுகிறோம் என்பது இவர்களின் எண்ணம். இரண்டு பழக்கத்துக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. பிள்ளை என்ன செய்தது, எப்படிச் செய்தது என்று இரண்டிலும் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. தன்னம்பிக்கை சோறு போல ஊட்டிவிடக்கூடியது இல்லை. தன்னால் முடிகிற ஒரு வேலையைத் தானே செய்து முடிப்பதிலும், அதை ஒரு பெரியவர் கவனித்தார் என்று தெரிந்துகொள்வதிலும்தான் அது ஊறுகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை பொதுவாகக் குறைவாக இருப்பதில்லை. நான்கு வயதுக் குழந்தையிடம் "நீ வேகமா ஓடுவியா?" என்று கேட்டால், "எல்லாரையும் விட!" என்று பதில் வரும். அந்த வயதில் பிள்ளைகள் தம் திறமையை உள்ளதைவிடக் கூடுதலாகவே மதிப்பிடுகிறார்கள் என்பது வளர்ச்சி உளவியலில் பலமுறை பதிவான செய்தி. பிறரோடு ஒப்பிட்டுத் தன்னை எடைபோடும் வழக்கம் ஏழெட்டு வயதில்தான் வேர் பிடிக்கிறது என்று அமெரிக்க உளவியலாளர் டயேன் ரூபிளும் அவர் குழுவினரும் 1980ஆம் ஆண்டு ஆய்வில் காட்டினார்கள். நம் கணக்கில் அது இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு. பிள்ளை தானாக ஒப்பிடத் தொடங்கும் அந்த நேரத்தில்தான் பெரியவர்களும் தராசைத் தூக்கிக்கொண்டு வருகிறோம். "உங்க அத்தை பையனைப் பாரு, உன் வயசுதான்" என்பது வீட்டுத் தராசு. எல்கேஜி பிள்ளைக்கே ரேங்க் போடுவது சில பள்ளிகளின் தராசு. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வுகளில் மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017இல் நிறுத்தியது. பதினேழு வயதுப் பிள்ளைக்கே வேண்டாம் என்று அரசு முடிவுசெய்த ஒன்றை ஐந்து வயதுப் பிள்ளைமேல் சுமத்துவதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

ஒப்பிடக் கூடாதென்றால் புகழ்ந்து தள்ளலாமா? அதற்கும் ஆய்வுகள் இடம் தரவில்லை. நெதர்லாந்து ஆய்வாளர் எட்டி பிரம்மெல்மனும் அவர் குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் வான்கோவின் ரோஜா ஓவியம் ஒன்றைப் பார்த்து வரைந்தார்கள். சிலருக்கு "அழகான படம்" என்று எழுதிய சீட்டு தரப்பட்டது. வேறு சிலருக்கு "நம்பவே முடியாத அளவுக்கு அழகான படம்" என்ற சீட்டு. அடுத்து எதை வரையலாம் என்று எளிய படங்களையும் கடினமான படங்களையும் முன்னால் வைத்தபோது, தன்மதிப்புக் குறைவாக இருந்த பிள்ளைகளில் மிகையான புகழ்ச்சி பெற்றவர்கள் எளிய படங்களின் பக்கம் ஒதுங்கினார்கள். அவ்வளவு பெரிய சொல்லை அடுத்த முறையும் காப்பாற்றியாக வேண்டுமே என்ற பயம் அது. இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. பெரியவர்கள் இந்த மிகைப் புகழ்ச்சியைத் தன்மதிப்புக் குறைந்த பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வழங்குகிறார்கள் என்றும் அதே ஆய்வு கண்டது. யாருக்கு மருந்தென்று நினைத்துக் கொடுக்கிறோமோ அவர்களுக்கே அது ஒத்துக்கொள்ளவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதான். ஆனால் பொன்குஞ்சு என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தால், நிறம் வெளுத்துவிடுமோ என்று அந்தக் குஞ்சு பறக்கவே அஞ்சும்.

"நீ புத்திசாலி" என்ற பாராட்டும் இந்த வகைதான். கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு புதிரை நன்றாகச் செய்து முடித்ததும் ஒரு பகுதியினரை அறிவுக்காகவும் இன்னொரு பகுதியினரை முயற்சிக்காகவும் பாராட்டினார்கள். பிறகு எல்லாருக்குமே கடினமான புதிர்கள் தரப்பட்டன. எல்லாரும் திணறினார்கள். அறிவுக்காகப் பாராட்டு வாங்கியவர்கள் சீக்கிரம் சோர்ந்தார்கள், அடுத்த சுற்றில் முன்பைவிட மோசமாகச் செய்தார்கள். தம் மதிப்பெண்ணை வேறொரு பள்ளிப் பிள்ளைக்கு எழுதித் தெரிவிக்கச் சொன்னபோது அவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் கூட்டி எழுதினார்கள். புத்திசாலி என்ற பட்டம் கிடைத்த பிள்ளைக்குத் தோல்வி ஒரு பாடமாகத் தெரிவதில்லை, பட்டத்தைப் பறிக்க வந்த ஆளாகத் தெரிகிறது. ஸ்டார் ஸ்டிக்கரின் கதையும் அதிகம் வேறுபட்டதில்லை. மார்க் லெப்பரும் சக ஆய்வாளர்களும் 1973இல், ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளிடம், வரைந்தால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் தருவதாகச் சொன்னார்கள். பிள்ளைகள் வரைந்தார்கள், சான்றிதழும் வாங்கினார்கள். ஓரிரு வாரம் கழித்து அதே பேனாக்களை வகுப்பில் வைத்தபோது, சான்றிதழுக்காக வரைந்தவர்கள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதிதான் வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை. ஆசையாகச் செய்ததைக் கூலிக்குச் செய்வதாக மாற்றியது முன்கூட்டிச் சொன்ன அந்தப் பேரம்தான்.

அப்படியானால் எது உதவும்? தன்னால் முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே ஒன்றைச் செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கச் சொல், உடலும் மனமும் அந்நேரத்தில் இருக்கும் நிலை. நான்கில் வலுவானது முதலாவது. இதை அடுக்களையிலேயே பார்க்கலாம். ஐந்து வயதுப் பிள்ளையிடம் பத்துச் சின்ன வெங்காயம் கொடுத்து உரிக்கச் சொன்னால் முதல் வெங்காயத்துக்கு ஐந்து நிமிடம் ஆகும். தோலோடு பாதி வெங்காயமும் போகும், கண்ணைக் கசக்கிக்கொள்ளும். நான்காவது வெங்காயத்தில், வேர்ப்பக்கம் கிள்ளினால் தோல் சுலபமாகக் கழன்று வருகிறது என்று அதுவே கண்டுபிடிக்கும். அந்த நொடியில் பக்கத்தில் இருப்பவர் "சூப்பர்" என்று சொல்ல வேண்டியதில்லை. "அட, வேர்ப்பக்கத்துலேர்ந்து உரிக்கிறியே, முதல்ல அப்படிச் செய்யலையே?" என்று கேட்டால் போதும். தான் ஒரு வழியைக் கண்டுபிடித்ததையும் அது தன் வேலை என்பதையும் அந்தக் கேள்வியிலேயே பிள்ளை தெரிந்துகொள்கிறது. ராத்திரிக் குழம்பில் அந்த வெங்காயம் மிதப்பதைப் பார்க்கும்போது பிள்ளைக்குத் தனிச் சான்றிதழ் எதுவும் தேவைப்படாது. எலிசபெத் கண்டர்சனும் அவர் குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. ஒன்று முதல் மூன்று வயதுக்குள் வீட்டில் பேசியதைப் படம்பிடித்துப் பார்த்ததில், செய்த விதத்தையும் முயற்சியையும் சுட்டிய பாராட்டை அதிகம் கேட்ட பிள்ளைகள் ஐந்தாண்டு கழித்துக் கடினமான வேலையை விரும்பி எடுப்பவர்களாக இருந்தார்கள். அதுதான் முழுக் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றாலும், திசை தெளிவாக இருக்கிறது.

பிள்ளை தன் பலத்தை அறிவதும் இந்த வழியில்தான். விரல்ரேகையைப் பதித்தால் உங்கள் குழந்தை கணக்கில் கெட்டியா, இசையில் கெட்டியா என்று சொல்லிவிடுகிறோம் என்று பணம் வாங்குகிற கடைகள் நம் ஊர்களில் இருக்கின்றன. அதற்கு அறிவியல் ஆதாரம் எதுவும் இல்லை. நான்கு வயதில் ஒரு பலத்தைக் கண்டுபிடித்து முத்திரை குத்துவதே தவறு. முத்திரை மற்ற வாசல்களைச் சாத்திவிடும். அதிலும் நாம் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இரண்டு வகை முத்திரை வைத்திருக்கிறோம். "பையன் மூளைக்காரன்", "பொண்ணு பொறுப்பானவ". அமெரிக்காவில் லின் பியன் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதில் தம் பாலினத்தாரை மிகுந்த புத்திசாலிகளாகக் கருதுவதில் ஆணும் பெண்ணும் சமமாக இருந்தார்கள். ஆறு, ஏழு வயதில் பெண் பிள்ளைகள் பின்வாங்கினார்கள். "ரொம்பப் புத்திசாலிகளுக்கான விளையாட்டு" என்று சொன்னாலே ஆர்வம் குறைந்தது. ஒரே ஆண்டில் அவர்கள் மூளை சுருங்கிவிடவில்லை, காதில் விழுந்தவை கூடியிருந்தன. பலம் என்பதை நாம் பெயர்ச்சொல்லாகச் சொல்கிறோம்: ஓவியர், பாட்டுக்காரி, கணக்குப்புலி. அதை வினைச்சொல்லாகச் சொல்லிப் பழகலாம். விட்ட இடத்திலிருந்து மறுபடி எடுத்தாய், அழுத தம்பியைப் பேசிச் சமாதானப்படுத்தினாய், எறும்புச் சாரையைக் கால்மணி நேரம் அசையாமல் பார்த்தாய். பெயர்ச்சொல்லைப் பிள்ளை கட்டிக் காக்க வேண்டியிருக்கும். வினைச்சொல்லையோ நாளைக்கும் செய்துகொள்ளலாம்.

இதெல்லாம் பிள்ளைகளைப் பூஞ்சையாக்கிவிடும், வெளியே உலகம் போட்டி நிறைந்தது, அடியாத மாடு படியாது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களின் கவலையில் பாதி உண்மை இருக்கிறது. கலிபோர்னியா மாநிலம் 1986இல் தன்மதிப்பை வளர்ப்பதற்கென்றே ஒரு பணிக்குழு அமைத்தது. தன்மதிப்பைக் கூட்டிவிட்டால் படிப்பிலிருந்து குற்றம்வரை எல்லாம் சீராகிவிடும் என்ற நம்பிக்கை அப்போது பரவியது. 2003இல் ராய் பௌமைஸ்டரும் சக ஆய்வாளர்களும் ஏராளமான ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, தன்மதிப்பு உயர்ந்ததால் படிப்பு உயர்ந்ததற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று தெரிந்தது. நன்றாகப் படித்ததால் தன்மதிப்பு உயர்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஆகவே வெறும் புகழ்ச்சியால் பயனில்லை என்பதில் அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதிலிருந்து பிரம்புக்கு வழி போட முடியாது. அடிக்கு அஞ்சிப் படிகிற பிள்ளை கற்றுக்கொள்வது அடியிலிருந்து தப்பும் வித்தையை. கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 17ஆம் பிரிவு அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை, மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. பாடத்திட்டம் பிள்ளையை அச்சத்திலிருந்து விடுவிப்பதாக இருக்க வேண்டும் என்று 29ஆம் பிரிவு சொல்கிறது. தவறைச் சுட்டவே கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. "இந்தக் கூட்டல்ல பத்தாம் இடத்தை மறந்துட்ட, மறுபடி பாரு" என்பதும் கவனித்த ஒருவரின் சொல்தான். "உனக்குக் கணக்கே வராது" என்பதில்தான் கவனிப்பு இல்லை.

இன்னொரு கேள்வி நேரத்தைப் பற்றியது. வேலைக்கு ஓடும் பெற்றோர் வெங்காயத்துக்கு அரைமணி நேரம் ஒதுக்க முடியுமா? சட்டம் சொல்லும் முப்பது பேருக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கிலும் ஒவ்வொருவரையும் கவனிக்க முடியுமா? இது நியாயமான கேள்வி. பதில் நம் மாநிலத்திலேயே ஓரளவு இருக்கிறது. ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவத்திலிருந்து எடுத்துச் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் 2003இல் தொடங்கப்பட்ட செயல்வழிக் கற்றல், நான்கே ஆண்டுகளில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் பரவியது. பாடங்களைப் படிப்படியாக அடுக்கிய ஏணிப்படத்தில் தான் எங்கே நிற்கிறோம் என்று பிள்ளை தானே பார்த்து, அந்தப் படிக்குரிய பாட அட்டையைத் தானே எடுத்துவந்தது. சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகள் கை எட்டுகிற உயரத்தில் கரும்பலகை அமைந்தது. ஆசிரியர் நாற்காலியை விட்டுத் தரையில் வந்து உட்கார்ந்தார். அந்த முறையின் மேல் விமர்சனங்களும் உண்டு, அது கடைசிவரை நிலைக்கவும் இல்லை. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை இருக்கும் நிலையிலிருந்தே தொடங்கப் பார்க்கிறது. இவற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றுதான். பிள்ளை தன் வேலையைத் தானே நடத்தும்படி வகுப்பறையை அமைத்தால், ஆசிரியருக்குக் கவனிக்க நேரம் கிடைக்கும். வீட்டிலும் அப்படித்தான். செருப்பு வாரை மாட்டிக்கொள்ளப் பிள்ளைக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் புறப்பட்டால், "நேரமாச்சு, தள்ளு" என்று நாமே குனிந்து மாட்டிவிட வேண்டியிருக்காது.

ஆய்வுகள் பெரும்பாலும் மேலைநாட்டவை, அவற்றின் பலனும் சிறியது என்பார்கள். உண்மைதான். அறிவு முயற்சியால் வளரும் என்ற டுவெக்கின் கருத்தை வைத்து ஏறத்தாழ 12,000 அமெரிக்க மாணவர்களிடம் டேவிட் யேகர் குழுவினர் நடத்தி 2019இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயிற்சி, படிப்பில் பின்தங்கியவர்களின் மதிப்பெண்ணைச் சற்றே உயர்த்தியது, அவ்வளவுதான். மந்திரச் சொல் என்று எதுவும் இல்லை என்பதைத்தான் அது சொல்கிறது. ஒரு மணி நேரப் பயிற்சியால் பெரிதாக மாறாத ஒன்று, பத்தாண்டு காலம் வீட்டிலும் பள்ளியிலும் தினம் கேட்கும் பேச்சால் உருவாகிறது. அந்தப் பேச்சை மாற்றப் பணம் வேண்டாம், புதிய திட்டமும் வேண்டாம். தொடக்கப் பள்ளியில் ரேங்க் போடுவதைப் பள்ளிகள் நிறுத்தட்டும். பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணுக்கு முன்னால், இந்தப் பருவத்தில் பிள்ளை புதிதாகச் செய்யக் கற்ற ஒன்றை ஆசிரியர் சொல்லட்டும். வீட்டில் நாளுக்கு ஒரு வேலையைப் பிள்ளை முழுசாகச் செய்து முடிக்க விடுங்கள். சுற்றிப் போடுகிற பாட்டியோடு சண்டை வேண்டாம், அதுவும் பாசம்தான். ஊரார் கண் படாமல் காப்பது அவர் வேலை என்றால், நம் கண் பிள்ளை மேல் நன்றாகப் படும்படி பார்த்துக்கொள்வது நம் வேலை.