இலவசப் படிப்பு... இணையத்தில் ஒரு பேட்ஜ்!

கல்யாணம், குழந்தை, அப்பாவின் உடல்நிலை, வீட்டுக் கஷ்டம்... ஏதோ ஒரு காரணத்தால் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். பிள்ளைகள் ஓரளவு வளர்ந்த பிறகு, 'மறுபடியும் ஏதாவது படிக்கலாமே' என்ற எண்ணம் மெல்ல எட்டிப்பார்க்கும். கூடவே இரண்டு கேள்விகளும் வந்து நிற்கும். 'எவ்வளவு செலவாகும்?' என்பது ஒன்று. 'இத்தனை வருஷம் கழிச்சு நம்மால முடியுமா?' என்பது இன்னொன்று.

முதல் கேள்வியை வாய்விட்டுக் கேட்போம். இரண்டாவதை மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்வோம். பலரையும் தடுத்து நிறுத்துவது இந்த இரண்டாவது கேள்விதான். பணம் கட்டிச் சேர்ந்துவிட்டு முடிக்க முடியாமல் போனால், பணமும் போச்சு, வீட்டில் பேச்சும் கேட்க வேண்டும். அதற்குச் சேராமலேயே இருந்துவிடலாம் என்று தோன்றிவிடுகிறது.

ஒரு ரூபாய்கூடக் கட்டாமல், நம்மால் முடியுமா என்று நாமே பார்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. இலவச ஆன்லைன் கோர்ஸ் ஒன்றைப் படித்து, அதற்குரிய டிஜிட்டல் பேட்ஜை வாங்குவது. இந்த வாரம் அதைப் பற்றிப் பார்க்கலாம்.

பேட்ஜ் என்றால் என்ன?

சாரணர் இயக்கத்தில் முதலுதவி கற்றுத் தேறினால், சட்டைக் கையில் தைத்துக்கொள்ள ஒரு பேட்ஜ் கொடுப்பார்கள். பார்த்த உடனே, 'இந்தப் பிள்ளைக்கு முதலுதவி தெரியும்' என்று மற்றவர்களுக்குப் புரிந்துவிடும். அதே யோசனையின் இணைய வடிவம்தான் டிஜிட்டல் பேட்ஜ். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைத் தரும் மொஸில்லா அமைப்பு, அமெரிக்காவின் மெக்ஆர்தர் அறக்கட்டளையோடு சேர்ந்து 2011-ல் 'ஓப்பன் பேட்ஜஸ்' திட்டத்தை அறிவித்தது. பள்ளிக்கும் கல்லூரிக்கும் வெளியே கற்றுக்கொள்பவர்களுக்கும் ஓர் அங்கீகாரம் வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

பார்வைக்கு அது ஒரு சின்னப் படம். ஆனால், யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, எந்தத் தேதியில், எதைச் செய்து முடித்ததற்காக என்ற விவரங்கள் எல்லாம் அதோடு இணைந்தே இருக்கும். பேட்ஜின் லிங்க்கை அனுப்பினால், வாங்குபவர் அதைத் திறந்து சரிபார்த்துக்கொள்ளலாம். பேட்ஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் அது வெறும் படம்தான். யாருக்காவது காட்டும்போது லிங்க்கையே அனுப்புங்கள்.

யார் தருகிறார்கள்?

எத்தனையோ நிறுவனங்கள் தருகின்றன. நான் முதலில் சொல்வது பிரிட்டனின் ஓப்பன் யுனிவர்சிட்டி நடத்தும் 'ஓப்பன்லேர்ன்' தளத்தை. காரணம், அந்தப் பல்கலைக்கழகம் உருவான விதம்.

பிரதமர் ஹெரால்டு வில்சனின் ஆட்சியில், அமைச்சர் ஜென்னி லீயின் விடாமுயற்சியால் 1969-ல் தொடங்கப்பட்டது அது. 'முன்பு என்ன படித்தாய்?' என்று கேட்காமல் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொண்டார்கள். 1971-ல் முதல் மாணவர்கள் படிக்கத் தொடங்கினார்கள். வேலைக்குப் போகிறவர்களும் இல்லத்தரசிகளும் பி.பி.சி-யில் ஒளிபரப்பான பாடங்களை அதிகாலையிலும் பின்னிரவிலும் கண்விழித்துப் பார்த்துப் படித்தார்கள். படிப்பை விட்டவர்களுக்காகவே பாடம் எழுதிப் பழகிய இடம். 2006-ல் அவர்கள் தொடங்கிய இலவசத் தளம்தான் ஓப்பன்லேர்ன். எந்த நாட்டில் இருப்பவரும் படிக்கலாம். வயது, மார்க் ஷீட் எதுவும் கேட்பதில்லை.

பேட்ஜ் வாங்குவது எப்படி?

ஓப்பன்லேர்னில் எல்லாக் கோர்ஸுக்கும் பேட்ஜ் கிடையாது. பேட்ஜ் உண்டு என்று குறிப்பிட்டிருக்கும் கோர்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாடத்தை மட்டும் படிக்க, பதிவுகூடத் தேவையில்லை. பேட்ஜ் வேண்டுமென்றால் பெயர், இமெயில் கொடுத்துப் பதிவு செய்து, அந்தக் கோர்ஸில் சேர வேண்டும்.

இவற்றில் பல கோர்ஸ்கள் மொத்தம் 24 மணி நேரம் கொண்டவை. வாரத்துக்கு மூன்று மணி நேரம் என்று எட்டு வாரமாகப் பிரித்திருப்பார்கள். நாள் கணக்கில் பார்த்தால் சுமார் 26 நிமிடம். ஒரு சீரியல் பார்க்கும் நேரம்! இந்த வாரக் கணக்கும் கட்டாயமில்லை. விருந்தாளி வந்தாலும், பிள்ளைக்குப் பரீட்சை வந்தாலும் நிறுத்திவைத்துவிட்டுப் பிறகு தொடரலாம்.

ஒவ்வொரு வார முடிவிலும் பயிற்சி வினாக்கள் இருக்கும். பொதுவாக நான்காவது வாரத்திலும் எட்டாவது வாரத்திலும் வருவதுதான் உண்மையான தேர்வு. இரண்டிலும் 50 சதவிகிதம் எடுத்தால் தேர்ச்சி. ஒரு கேள்விக்கு மூன்று முறை வரை பதில் சொல்லிப் பார்க்கலாம். ஆனால், ஒவ்வொரு தவறுக்கும் மதிப்பெண் குறையும். தேறாவிட்டால் ஒரு நாள் கழித்து மறுபடி எழுதலாம். பாடத்தின் எல்லாப் பக்கங்களையும் திறந்து படித்திருக்கவும் வேண்டும். இத்தனையும் முடிந்தால் பேட்ஜும், பங்கேற்றதற்கான ஒரு சான்றும் உங்கள் கணக்கில் வந்து சேரும்.

எதில் தொடங்கலாம்?

பாடங்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இது ஒரு தடைதான், மறுப்பதற்கில்லை. அப்படிப்பட்டவர்கள் 'இங்கிலீஷ்: ஸ்கில்ஸ் ஃபார் லேர்னிங்' என்ற கோர்ஸிலிருந்தே தொடங்கலாம். பாடத்தைப் படித்துப் புரிந்துகொள்வது, குறிப்பெடுப்பது, பதில் எழுதுவது போன்ற படிப்புக்குத் தேவையான ஆங்கிலத்தைச் சொல்லித் தருகிறது. 24 மணி நேரம் என்பதை 48 மணி நேரமாக்கிக்கொள்ளுங்கள். யாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கப் போவதில்லை.

கணக்கு என்றாலே பயம் என்பவர்களுக்கு 'சக்சீட் வித் மேத்ஸ்' என்ற கோர்ஸ் இரண்டு பகுதிகளாக இருக்கிறது. பிள்ளைக்கு வீட்டில் கணக்குச் சொல்லித்தர நினைக்கும் அம்மா அப்பாவுக்கும் உதவும். 'மேனேஜிங் மை மனி' கோர்ஸில் வரவு செலவுத் திட்டம் போடுவதையும் கடன் வாங்குவதையும் பற்றிய பகுதிகள் நன்றாக இருக்கும். அதில் வரும் வரி, பென்ஷன் விஷயங்கள் பிரிட்டனுக்கானவை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் துறையில் ஆர்வம் இருந்தால், சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியும் ஐ.பி.எம்-மின் ஸ்கில்ஸ்பில்டும் அடிப்படைக் கோர்ஸ்களை இலவசமாகத் தந்து பேட்ஜும் கொடுக்கின்றன.

எது கிடைக்காது?

பேட்ஜ் பட்டமாகாது. ஓப்பன்லேர்ன் பேட்ஜுக்குப் பல்கலைக்கழகக் கிரெடிட் கிடையாது. அரசு வேலைக்கான கல்வித் தகுதியாக அதைக் காட்ட முடியாது. தேர்வை வீட்டிலிருந்தே எழுதுகிறோம், மேற்பார்வை இல்லை. அதனால், பேட்ஜை மட்டும் பார்த்து யாரும் வேலை கொடுத்துவிட மாட்டார்கள்.

அப்புறம் எதற்கு? பேட்ஜ், பேச்சைத் தொடங்கிவைக்கும். பத்து வருஷம் இடைவெளி விட்டு வேலை தேடுகிறவரின் பயோடேட்டாவில், சமீபத்திய தேதியோடு ஒரு படிப்பு இருந்தால், நேர்முகத்தில் அதைப் பற்றிக் கேட்பார்கள். அங்கே ஐந்து நிமிடம் தடுமாறாமல் பேச முடிந்தால்தான் அந்தப் பேட்ஜுக்கு மதிப்பு. விடைகளை வேறு எங்கிருந்தோ பார்த்து எழுதி வாங்கியவரால் அந்த ஐந்து நிமிடத்தைத் தாண்ட முடியாது. அதோடு, 'நம்மால் முடியுமா' என்ற அந்த இரண்டாவது கேள்விக்கும் அவருக்குப் பதில் கிடைத்திருக்காது.

'இலவசம்' என்றால் எது வரை?

'ஃப்ரீ கோர்ஸ்' என்று விளம்பரம் வரும் எல்லாமே ஒன்றல்ல. சில தளங்களில் பாடம் இலவசமாக இருக்கும், சான்றிதழுக்குப் பணம் கேட்பார்கள். கோர்ஸெராவின் பல கோர்ஸ்கள் இந்த வகையில் இருந்தன. ஐ.ஐ.டி-கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். நேரில் சென்று எழுதும் தேர்வுக்குக் கட்டணம் உண்டு. மேற்பார்வையோடு நடக்கும் தேர்வு என்பதால் அந்தக் கட்டணத்தில் நியாயம் இருக்கிறது.

கவனமாக இருக்க வேண்டியது, ஒரு மணி நேரத்தில் சான்றிதழ் தருவதாக வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்குகளிடம்தான். தேர்வே இல்லாமல் பேட்ஜ் தருகிறார்கள் என்றால் அதற்கு மதிப்பில்லை. ஆதார் எண், வங்கி விவரம், ஓ.டி.பி கேட்டால் அப்போதே வெளியே வந்துவிடுங்கள்.

சேர்வதற்கு முன்...

* மார்க் ஷீட்டில் உள்ளபடியே பெயரைப் பதிவு செய்யுங்கள். செல்லப் பெயர் வேண்டாம்.

* பிள்ளையின் இமெயிலைக் கொடுக்காமல், உங்களுக்கென்று ஒன்றைத் தொடங்கிக் கொடுங்கள். பேட்ஜ் வாங்கிய கணக்கு எப்போதும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

* கோர்ஸின் முதல் வாரப் பாடத்தை முழுதாகப் படித்துப் பார்த்த பிறகு சேருங்கள். பிடிக்கவில்லை என்றால் வேறு ஒன்றைத் தேடலாம்.

* ஒரு நேரத்தில் ஒரு கோர்ஸ் போதும். அரைகுறையாக நிற்கும் ஐந்தை விட, முடித்த ஒன்று மேல்.

* ஒரு நோட்டு போட்டு, படித்ததை உங்கள் வார்த்தையில், தமிழிலேயே எழுதி வையுங்கள். நேர்முகத்துக்குப் போகும் முன் திருப்பிப் பார்க்க அதுதான் உதவும்.

* படிக்கும் நேரத்தை வீட்டில் சொல்லிவையுங்கள். 'அம்மாவுக்கு இப்போ கிளாஸ்' என்று பிள்ளைகளே வந்தவர்களிடம் சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

எட்டு வாரம் முடிந்து பேட்ஜும் வந்த பிறகு, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ போன்றவற்றின் விளக்கக் குறிப்பேட்டை வாங்கிப் பாருங்கள். அப்போது உங்களிடம் மிச்சமிருக்கும் கேள்வி, 'எவ்வளவு செலவாகும்?' என்பது மட்டும்தான். அதற்கான பதில் குறிப்பேட்டிலேயே அச்சிட்டிருக்கும்.