நீக்கியதையும் நினைவில் வை

பெங்களூரு காக்ஸ் டவுன் மார்க்கெட் பக்கத்து செல்போன் ரிப்பேர் கடைகளில் நின்றால் ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழும்: "அண்ணா, போட்டோ எல்லாம் போயிடுமா?" கேட்பது பல நேரம் தமிழில்தான். ரிப்பேருக்கு எவ்வளவு ஆகும் என்ற பேச்சே அதற்குப் பிறகுதான் வரும். போன் போனால் இன்னொன்று வாங்கலாம். ஊரிலிருந்து அம்மா அனுப்பிய குரல் பதிவை எங்கே போய் வாங்குவது?

பெரிய நிறுவனங்கள் இதற்குச் சொல்லும் பதில் எல்லோருக்கும் தெரியும்: எல்லாவற்றையும் எங்கள் சர்வரில் போட்டுவையுங்கள். இன்னொரு பதிலும் இருக்கிறது. வீட்டில் லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டரும் கையிலிருக்கும் போனும் நடுவே யாருமின்றி நேராகப் பேசிக்கொண்டு, இங்கே மாறியதை அங்கேயும் மாற்றிக்கொள்ளலாம். இதைத்தான் சிங்க் என்கிறோம். அந்த மாதிரி திறமூல மென்பொருள்களைச் சோதித்துப் பிழை தேடுவதில் எனக்குப் பல வருடப் பழக்கம். நம் ஊர்ப் பிள்ளைகள் இந்த வேலைக்கு அதிகம் வரவேண்டும் என்ற ஆசையில் இதை எழுதுகிறேன்.

சிங்க் என்றால் காப்பி எடுப்பதுதானே என்று நினைப்பார்கள். காப்பி எடுப்பதில் பெரிய சிரமம் இல்லை. கோப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு அடையாள எண் கணக்கிட்டு, மாறிய துண்டை மட்டும் அனுப்பும் வழியை ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கராஸும் 1996லேயே ஆர்சிங்க் என்ற மென்பொருள் மூலம் காட்டிவிட்டார்கள். சிரமம் நீக்குவதில்தான் இருக்கிறது.

கம்ப்யூட்டரில் ஒரு கோப்பு இல்லை, போனில் இருக்கிறது என்று வையுங்கள். போனில் புதிதாக வந்ததா, கம்ப்யூட்டரில் நீக்கப்பட்டதா? இரண்டு பெட்டிகளையும் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. முதல் முடிவு தவறினால் வேண்டாமென்று எறிந்தது திரும்ப வரும். இரண்டாவது தவறினால் நேற்று எடுத்த படம் அழியும். அதனால் நீக்கியதையும் ஒரு செய்தியாகக் குறித்து வைக்கவேண்டியிருக்கிறது. ஸ்வீடனின் யாகோப் போர்க் 2013 இறுதியில் வெளியிட்ட சிங்க்திங் என்ற மென்பொருள், நீக்கிய கோப்புகளின் குறிப்பைக் காலவரையின்றி வைத்திருந்தது. 2025ல் வந்த 2.0 பதிப்பிலிருந்து ஒரு கால எல்லைக்குப் பின் அதை மறந்துவிடுகிறது. அந்த எல்லையைவிட அதிக நாள் பீரோவில் அணைந்து கிடந்த போன் திரும்ப வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டு பக்கமும் ஒரே கோப்பைத் திருத்தியிருந்தால் எது புதியது? கடிகாரத்தை நம்ப முடியாது. பேட்டரி செத்து எழுந்த கம்ப்யூட்டர் பழைய தேதியைக் காட்டும். தனித்தனிக் கருவிகளில் நடப்பவற்றை, சுவர்க் கடிகாரம் இல்லாமல் எது முன், எது பின் என்று வரிசைப்படுத்தலாம் என 1978ல் லெஸ்லி லாம்போர்ட் எழுதிய கட்டுரை இங்கே கைகொடுக்கிறது. அந்த வழியில் வளர்ந்த முறையில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தனி எண். கம்ப்யூட்டர் கோப்பை மாற்றினால் தன் எண்ணில் ஒன்றைக் கூட்டும், போன் தன்னுடையதில். ஒரு பக்கத்து எண்கள் எதிலும் குறையாமல் ஒன்றிலாவது கூடியிருந்தால் அதுதான் புதியது. ஆளுக்கொன்றில் முந்தியிருந்தால், ஒன்றுக்குத் தெரியாமல் மற்றது மாறியிருக்கிறது. அப்போது தோற்ற பிரதியை அழிக்காமல் வேறு பெயரில், மோதல் பிரதியாக, பக்கத்திலேயே வைப்பதுதான் நேர்மை. சிங்க்திங் 2.0ல் ஒரு மாற்றம் செய்தார்கள்: ஒருவர் திருத்த, ஒருவர் நீக்க, நீக்கியவர் பக்கமே வெல்லலாம். அப்போதும் திருத்திய கோப்பு மோதல் பிரதியாக மிஞ்சும். இந்த முடிவை எடுத்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். ஒழுங்காகத் தெரியவேண்டும் என்பதற்காக யாருடைய உழைப்பையும் சத்தமில்லாமல் விழுங்கும் மென்பொருளை என்னால் மன்னிக்க முடிவதில்லை.

ஒருவருடைய தகவலைக் காக்கும் இந்த அக்கறை பெங்களூருவுக்குப் புதிதில்லை. இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து உருவாக்கிய சிம்ப்யூட்டர், லினக்ஸில் ஓடிய கைக்கணினி. பலர் ஒரே கருவியைப் பகிரலாம், அவரவர் தகவல் அவரவர் ஸ்மார்ட் கார்டில். 2004ல் அமிடா என்ற பெயரில் கடைக்கு வந்தது, எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. கருவி யாருடையதாக இருந்தாலும் தகவல் ஆளோடு போகவேண்டும் என்ற அந்த எண்ணத்தை நான் இன்னும் பெரிதாக மதிக்கிறேன். இன்று இதே ஊரிலிருந்து இயங்கும் என்டே என்ற படச் சேமிப்புச் சேவை, படங்களைக் கருவியிலேயே பூட்டி அனுப்புகிறது. 2024 மார்ச்சில் சர்வர் நிரலையும் திறந்துவிட்டார்கள். பூட்டிய படத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று சர்வருக்குத் தெரியாததால், படத்தைப் பார்த்துச் செய்யவேண்டிய எல்லா வேலையும் நம் போனின் தலையில் விழுகிறது.

இவ்வளவும் யாராவது பராமரித்தால்தான். சிங்க்திங்கின் அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு செயலி 2024 டிசம்பரோடு நின்றது. பிளே ஸ்டோரில் வெளியிடுவது கடினமாகிவிட்டது, பராமரிக்கவும் ஆளில்லை. அதன் கிளைப் பதிப்பு ஒன்று தன்னார்வத்தில் தொடர்ந்ததால் பலர் பிழைத்தோம்.

நமக்கென்றே ஒரு வேலை காத்திருக்கிறது: தமிழில் கோப்புப் பெயர். 'பொங்கல்' என்பதில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று. லினக்ஸுக்கு இரண்டு வேறு கோப்பு. பெயரின் நீளத்துக்கு லினக்ஸ் தரும் இடம் பொதுவாக 255 பைட். யுடிஎஃப்-8ல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட், ஆக 85 குறியீடுகளில் இடம் தீரும். மோதல் பிரதிக்குச் சேர்க்கும் தேதியும் நேரமும் அதற்கு மேல். கல்யாணப் பத்திரிகைக்கு முழுப் பெயர் வைக்கும் வீடுகளில் இது உண்மையாகவே நடக்கும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதிப்பவர் கண்ணில் இது எளிதில் படாது.

இதைச் சோதிக்க ஒரு மாலை நேரம் போதும். 'பொங்கல்' என்று இரண்டு விதமாகவும் பெயர் வைத்து இரண்டு கோப்பு போடுங்கள். சிங்க் ஆனதும் போனின் வைஃபையை அணையுங்கள். ஒரு பக்கம் ஒன்றைத் திருத்துங்கள், மறுபக்கம் அதையே நீக்குங்கள், பிறகு இணையுங்கள். எந்த வரிசையில் என்ன செய்தீர்கள், எந்தக் கோப்பு மிஞ்சியது, எது காணாமல் போனது, பதிப்பு எண் என்ன என்று எழுதி உருவாக்குநர்களுக்கு அனுப்புங்கள்.