நகை எது? வசை எது?

“சிரிப்பு வந்தால் அது நகைச்சுவை, வராவிடின் அன்று” என்று சொல்லித் திரிகின்றது ஒரு கூட்டம். திரைப்பட வணிகரும் தொலைக்காட்சியினரும் இவ் வொற்றைக் கூற்றை வைத்துக்கொண்டே தம் சரக்கனைத்தையும் விற்று வருகின்றனர். கறுத்த பெண்ணை இழிப்பதும் திக்குவாயரைப் போலப் பேசிக் காட்டுவதும் நகைச்சுவையா என்று எவரேனும் கேட்டால், “மக்கள் சிரிக்கின்றனரே; இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?” என்று வாயடைக்கின்றனர். அக் கூற்றையே முதற்கண் உடைத்துப் பார்ப்போம்.

அக்குளில் விரல் வைத்தாலும் சிரிப்பு வரும். விரல் நகைச்சுவை ஆகுமா? நைட்டிரசு ஆக்சைடு என்னும் வளியை உட்கொண்டாலும் சிரிப்பு வரும். ஆங்கில வேதியலறிஞர் அம்பிரி டேவி அதனைத் தாமே உட்கொண்டு ஆய்ந்து 1800-இல் நூல் எழுதினார். அது ‘சிரிப்பூட்டும் வளி’ என்றே பெயர் பெற்றது. 1962-இல், ஆப்பிரிக்காவின் தாங்கனிக்காவில், கசாசா என்னும் ஊரிலுள்ள பெண்கள் பள்ளியொன்றில் மாணவியர் அடக்கமாட்டாது சிரிக்கத் தொடங்கினர். பள்ளியையே மூட நேர்ந்தது. அங்கே இருந்தது நகைச்சுவை அன்று, உள்ள நெருக்கடியே என்பது பின்னர் ஆய்ந்தோர் முடிபு. மறுபுறம், நல்லதொரு நகைச்சுவையைப் பத்தாம் முறை கேட்பார்க்குச் சிரிப்பு வருவதில்லை; அதனால் அதன் நகைச்சுவைத் தன்மை அழிந்தொழிந்ததா? இல்லையே! சிரிப்பு என்பது விளைவு. விளைவைக் கொண்டு பொருளை வரையறுப்பது, கண்ணீர் வருவதால் வெங்காயத்தைத் துயரம் என்பது போன்றதாம்.

பின், நகைச்சுவைக்கு இலக்கணம் யாது? ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். “தம்பி, திங்களுக்கு எத்தனை நாள்?” என்று கேட்கின்றார் ஆசிரியர். “ஒரே நாள்தான் ஐயா, மறுநாள் செவ்வாய்!” என்கின்றான் மாணவன்.

இங்கு நிகழ்ந்தது என்ன? ‘திங்கள்’ என்னும் ஒரு சொல்லில் முப்பது நாளும் இருக்கின்றது. ஒரு கிழமையும் இருக்கின்றது. ஆசிரியர் ஒன்றைக் கருதினார். மாணவன் மற்றொன்றைக் காட்டினான். இரண்டும் அச் சொல்லுக்குப் பொருந்துவனவே. ஆயினும் ஒன்றோடொன்று பொருந்தாதன. கேட்போன் ஒரு நொடியில் முதற்பொருளிலிருந்து இரண்டாம் பொருளுக்குத் தானே தாவுகின்றான். அத் தாவலே நகை. இறுகி நின்ற எதிர்பார்ப்பு சட்டெனக் கரைந்து ஒன்றுமில்லாததாவதே நகைப்பு என்று செருமானிய மெய்ப்பொருளறிஞர் காண்ட்டு 1790-இல் எழுதினார். ஒரே உரை இருவேறு பொருட்களங்களுக்குப் பொருந்தி, அவை தம்முள் முரணுதலே நகைச்சுவை என்று விக்டர் இராசுகின் 1985-இல் வரையறுத்தார். பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே பாட்டில் இரட்டுற மொழிந்த காளமேகப் புலவரைப் படித்த நமக்கு இது புதுமையன்று.

தொல்காப்பியரோ, சொல்லின் அமைப்போடு நில்லாது நகை பிறக்கும் நிலைக்களனையே காட்டினார். மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலில் வைத்து, எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் அதன் நிலைக்களன் என்றார். மேற்காட்டிய மாணவனையே பாருங்கள். அவன் குறும்பாகச் சொல்லியிருப்பின் எள்ளல். மழலைச் சிறுவனாயின் இளமை. அறியாது சொல்லியிருப்பின் பேதைமை. ‘திங்கள் என்பது கிழமை’ என்று கற்பித்ததை விடாது பற்றிக்கொண்டு சொல்லியிருப்பின் மடன். ஒரு விடையில் நான்கும் அடங்குகின்றன!

இவ்விடத்தே எதிர்ப்பாளர் எழுவர்: “எள்ளலை உங்கள் தொல்காப்பியரே ஒப்புக்கொண்டாரே! பிறரை எள்ளுதல் நகைச்சுவைதானே?” என்பர். அரைகுறைப் படிப்பின் விளைவு இது. அதே மெய்ப்பாட்டியலைத் தொடர்ந்து படிக்கட்டும். அழுகைக்குரிய நான்காக இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன கூறப்பட்டுள்ளன. இளிவாவது பிறரால் இகழப்படுதல். இளிவரலுக்குரிய நான்காக மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பன கூறப்பட்டுள்ளன. முதுமையையும் நோயையும் வறுமையையும் நகையின் பட்டியலில் தொல்காப்பியர் சேர்த்தாரல்லர்! இன்றைத் திரையில் நகைச்சுவை என்னும் பெயரால் விற்கப்படுவன எவை? கிழவியின் நடுக்கம், நோயாளியின் உடல், ஏழையின் கிழிந்த உடை. இவை நகைக்களன் அல்ல, அழுகைக்களனும் இளிவரற்களனுமே. அழுகைச் சரக்கை நகையென்று முத்திரையிட்டு விற்பது கலையா, கள்ள வணிகமா?

உரையாசிரியர் பேராசிரியர் எள்ளலை இரண்டாகப் பகுப்பார்: தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதல் மற்றொன்று. எள்ளப்பட்டவனும் உடன் நகக்கூடுமாயின் அது நகை. அவனுக்கு அது இளிவாகி அழுகையைத் தருமாயின், எள்ளியவன் எத்துணைச் சிரித்தாலும் அது வசையே. எல்லைக்கோடு இதுதான்.

கிரேக்க அறிஞர் அரிசுட்டாட்டிலும் நோவும் அழிவும் தராத குறையே நகைப்புக்குரியது என்றார். பிறர் குறை கண்டு நகுதலைத் ‘திடீர்ப் பெருமிதம்’ என விளக்கிய ஆபுசும், அவ்வாறு மிகுதியாக நகுவோர் தம்மிடம் ஆற்றல் குறைந்தோரே என்று 1651-இல் எழுதிவைத்தார்.

தமிழாசிரியரைக் கோமாளியாக்கும் காட்சிகளுக்கும் இவ் வளவுகோலே போதும். நம்மைக் கண்டதும் “ஒரு கொட்டைவடிநீர் கொடுங்கள்” என்று நையாண்டி செய்வாரைப் பார்த்துச் சினக்க வேண்டா. நாமும் சேர்ந்து சிரிக்கலாம். புலவரின் பிடிவாதம் மடன், அது நகைக்குரியதே. ஆனால் தாய்மொழியில் பேசுவதையே இழிவெனக் காட்டி, சிற்றூர்ப் பிள்ளையை வாய் திறக்க நாணச் செய்வது நகையன்று. கலைவாணர் என்.எசு.கிருட்டிணன் (1908–1957) குருட்டுப் பழக்கங்களை எள்ளினார். சிரித்தவர்களே தம் பழக்கத்தை எண்ணிப் பார்த்தனர். அறியாமையை எள்ளுவது வேறு. அறியாதவனை மிதிப்பது வேறு.

திரையில் ஞாயிறன்று கேட்ட வசை திங்களன்று வகுப்பறைக்குள் வந்துவிடுகின்றது. கறுத்த சிறுமிக்கு ஒரு பட்டப்பெயர். திக்கிப் பேசும் சிறுவனுக்கு மற்றொன்று. கேட்டால், “விளையாட்டுக்குத்தான் ஐயா” என்பர் பிள்ளைகள். அவர்களை அடிக்கவேண்டா. “இதிலுள்ள இரண்டாம் பொருள் என்ன? விளக்கு!” என்று மட்டும் கேளுங்கள். நகைச்சுவையாயின் விளக்க ஏதேனும் இருக்கும். வசையாயின், அச் சிறுமியின் நிறத்தைத் தவிர அதனுள் ஒன்றும் இராது. அவ்வெறுமையைப் பிள்ளைகள் தாமே காண்பர்.

தமிழ் நெஞ்சத்தீர்! நகையை வெறுக்கச் சொல்லவில்லை. நகையை மீட்கச் சொல்கின்றோம். மெய்ப்பாட்டின் முதலிருக்கை நகைக்கு உரியது. அவ்விருக்கையில் வசை ஏறி அமர்ந்திருக்கின்றது, அதனை இறக்கிவிடுங்கள்!