ஒன்பதாம் வகுப்பிலேயே சைக்கிள் வேண்டும்

பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு பஸ்ஸில் இலவச பாஸ் உண்டு. பிளஸ் 1 சேர்ந்தால் சைக்கிளும் இலவசம். அப்படிப் பார்த்தால், தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரம் வட்டாரத்தில் பிள்ளை பள்ளிக்குப் போய்வர ஒரு குடும்பத்துக்குக் காலணா செலவில்லை. ஆனால் பஸ் நிற்கும் இடம்வரை நடக்கிற நடையும், அங்கே காத்துக் கிடக்கிற நேரமும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

முதலில் ரூபாய்க் கணக்கு. 2018 ஜனவரியில் புறநகர் சாதாரண பஸ் கட்டணம் கிலோமீட்டருக்கு 58 பைசா என்று முடிவானது. அந்த விகிதப்படி பத்து கிலோமீட்டர் போய்வர ஏறக்குறைய 12 ரூபாய். மாதம் 25 நாளுக்கு 300 ரூபாய். ஆறாயிரம் ரூபாய் சைக்கிள் ஐந்து ஆண்டு உழைத்தால் மாதம் 100 ரூபாய்; டயர், டியூப், பஞ்சர், பிரேக் கட்டை என்று இன்னொரு 100 வைத்துக்கொள்ளலாம். வேலைக்குப் போகிற ஆணுக்கு சைக்கிளில் மிச்சமாவது நூறு ரூபாய்தான். பெண்களுக்கோ 2021 மே 8 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமே இல்லை. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்கிறது மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு. காசை மட்டும் பார்த்தால் பெண்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பஸ்தான் மலிவு; அதில் ஐயமில்லை.

ஆனால் பஸ் மெயின் ரோட்டோடு போய்விடும். ஏரியூர், பெரும்பாலைப் பக்கத்து உள்கிராமங்களில் எட்டாம் வகுப்போடு நிற்கும் நடுநிலைப்பள்ளியை முடித்த சிறுமிக்கு அடுத்த பள்ளி மூன்று, நான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். காலை பஸ்ஸை விட்டால் முதல் பீரியட் போச்சு. மாலையில் சிறப்பு வகுப்பு முடிந்து வந்தால் பஸ் போயிருக்கும், இருட்டும் கட்டியிருக்கும். இப்படி நாலு நாள் நடந்தால் வீட்டில் “படிச்சது போதும்” என்ற பேச்சு எழும். அந்தப் பேச்சு பெரும்பாலும் எழுவது ஒன்பதாம் வகுப்பில். சைக்கிள் வருவதோ பதினொன்றாம் வகுப்பில்.

2001-இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்காகத் தமிழகம் தொடங்கிய திட்டம் இது. பின்னர் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் 1 மாணவர் எல்லோருக்கும் விரிந்தது. நமக்குப் பின்னால் 2006-இல் தொடங்கிய பீகார், ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கே சைக்கிளைக் கொடுத்தது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற பொருளியலாளர்கள் அதை ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவிகள் சுமார் 30 சதவீதம் கூடியிருந்தார்கள். பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் மிகுதி. 2011 கணக்கெடுப்பில் 68.5 சதவீத எழுத்தறிவோடு தமிழகத்தின் கடைசி மாவட்டமாக நின்ற தருமபுரிக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் ஏது?

மேடும் பள்ளமுமான ஊரில் பெண் பிள்ளை எப்படி மிதிப்பாள் என்று கேட்பவர்கள் உண்டு. ஒகேனக்கல் மலைப்பாதையில் மிதிக்கச் சொல்லவில்லை. அதற்கு பஸ் இருக்கிறது. ஐந்து கிலோமீட்டருக்குள் சைக்கிள், அதற்கு மேல் பஸ் என்பதே நம் கணக்கு. பெண் சைக்கிள் ஓட்டினால் ஊர் என்ன சொல்லும் என்ற கேள்விக்கு, 1990-களின் தொடக்கத்திலேயே அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் சைக்கிள் பழகிய புதுக்கோட்டைப் பெண்கள் பதில் சொல்லிவிட்டார்கள். செலவு கூடுமே என்றால், பிள்ளைக்கு ஒரு சைக்கிள் என்பது மாறப்போவதில்லை. ஏற்கெனவே ஒன்பதிலும் பத்திலும் இருப்பவர்களுக்கும் சேர்த்துக் கொடுக்கும் தொடக்க காலத்தில்தான் கூடுதல் நிதி பெரிதாகத் தேவைப்படும்.

சைக்கிளோடு இன்னொன்றும் வேண்டும். தொலைவிலிருந்து வருபவர்கள் மெயின் ரோடு வரை மிதித்து வந்து பஸ் ஏற, நிறுத்தங்களில் கூரையும் பூட்டும் உள்ள இலவச சைக்கிள் நிறுத்தம் அமைக்க வேண்டும். காசு கொடுத்து நிறுத்த வேண்டியிருந்தால் இலவச பஸ்ஸில் மிச்சம் பிடித்தது அங்கேயே கரைந்துவிடும். இதை உள்ளாட்சி அமைப்புகளே செய்ய முடியும்.

பதினொன்றாம் வகுப்பில் கொடுக்கும் சைக்கிள், அதுவரை எப்படியோ படித்து வந்தவர்களுக்கே கிடைக்கிறது. வழியில் நின்றுபோனவர்களுக்கு அது வரவேயில்லை. அடுத்த ஜூனில் பள்ளி திறக்கும்போது ஒன்பதாம் வகுப்புக்கு சைக்கிள் வழங்கும் முறையை அரசு தருமபுரி மாவட்டத்திலிருந்தே தொடங்க வேண்டும்.