முதியோர் நினைவும் ஒரு சான்றே

அயர்லாந்தின் புளூஸ் ராக் கிட்டார் கலைஞர் ரோரி கேலகரை நேரிற்கண்ட பெல்பாஸ்ட் நகரத்து முதியவர்கள், அந்த இரவுகளைப் பற்றி ஓயாமல் பேசுகின்றனர். இசைத்தட்டு இருக்கையில் கிழவர் கதை எதற்கு என்று ஏளனம் புரிவோர் உளர். அவ்வேளனம் அறியாமையின் விளைவு.

1970-களில் வட அயர்லாந்தில் வெடிகுண்டும் துப்பாக்கியும் கோலோச்சின. புகழ்பெற்ற இசைக்குழுக்கள் பல அந்நகரின் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. கேலகரோ மீண்டும் மீண்டும் வந்து அல்ஸ்டர் மண்டபத்தில் வாசித்தார். தெருவில் ஒருவரையொருவர் ஐயுற்று ஒதுங்கிய கத்தோலிக்க இளைஞரும் புராட்டஸ்டண்டு இளைஞரும் அங்கே தோளோடு தோள் உரச நின்றனர். 1974-ஆம் ஆண்டுப் பயணத்தில் பதிவான தட்டில் கிட்டாரின் கதறல் கேட்கும். கூட்டத்தின் ஆரவாரமுங்கூடக் கேட்கும். பக்கத்தில் நின்றவன் யாரென்பது கேட்குமா? மண்டபத்தைவிட்டு வீடு திரும்பும் வழியெல்லாம் உடன்வந்த அச்சம் எந்தத் தட்டில் பதிவாகியுள்ளது?

இன்று வாசிக்கத் தெரிந்தவர் எவருமில்லை என்று அம்முதியோருள் சிலர் சாதிப்பது மிகைதான். அதனை ஒப்ப வேண்டியதில்லை. அதற்காக அவர்தம் சான்றையே தள்ளிவிடுவதா?

கேலகர் 1995-இல், 47-ஆம் வயதில் மறைந்தார். 1963-இல் கார்க் நகரில் அவர் பழைய பொருளாக வாங்கிய ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார், வண்ணம் உரிந்த கோலத்திலேயே, 2024-இல் பெருந்தொகைக்கு ஏலம் போயிற்று. உரிந்த மரத்துக்கு அத்தனை விலை. அதன் ஒலியை நேரிற்கேட்ட செவிகளுக்கோ எள்ளல்! அச்செவிகளுக்கு உரியோர் எழுபதை எட்டியும் கடந்தும் நிற்கின்றனர். அவர்கள் பேசும்போதே எழுதிக்கொள்ள ஒருவரேனும் எதிரில் அமரட்டும்.