கையில் இல்லாத சாவி

எங்கள் ஹவுஸ் ஓனர் மாடியிலிருந்து கீழே இறங்கி வருவது வருஷத்துக்கு ஒரே ஒரு தடவைதான். அன்றைக்கு மட்டும் என் பையனைத் தூக்கிக் கொஞ்சுவார். "எந்த கிளாஸ்டா படிக்கிறே?" என்பார். எனக்கு வயிற்றைக் கலக்கும். போன வாரம் கொஞ்சினார்.

ஆயிரத்து ஐந்நூறு ஏற்றம்.

மறுநாள் ஆபீஸில் பக்கத்து சீட் நண்பரிடம் புலம்பினேன். "கவுன்சிலர் எலெக்‌ஷன்ல சாக்கடைங்கறான், தெரு விளக்குங்கறான், கொசு மருந்துங்கறான். வாடகையைப் பத்தி ஒருத்தனாவது வாயைத் திறக்கறானா ஸார்?"

நண்பர் டிபன் பாக்ஸை மூடினார். "ஒரு அம்மா திறந்தாங்களே! பத்து வருஷம் மூடவே இல்லையே! ஆனா நம்ம ஊர்ல இல்ல, அமெரிக்காவுல."

அந்த அம்மாள் க்ஷமா ஸாவந்த். பெயரைப் பார்த்து மராத்தி என்று நினைத்தால் தப்பு. 1973-ல் புனேயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, பம்பாயில் வளர்ந்து, கம்ப்யூட்டர் படித்து, அமெரிக்கா போனவர். இது வரைக்கும் நம் அத்தை பிள்ளைகள் கதைதான். இதற்கப்புறம்தான் ரூட் மாறுகிறது. கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டுப் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, ஸியாட்டில் நகரத்தில் பாடம் நடத்தி, 2013-ல் நகரசபைத் தேர்தலில் நின்றார். அதுவும் எப்படி? சோஷலிஸ்ட் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு! மைக்ரோஸாஃப்ட் பக்கத்து ஊரில் இருக்க, அமேஸான் நடு ஊரில் உட்கார்ந்திருக்கும் நகரத்தில்!

எதிரே நின்ற ரிச்சர்ட் கான்லின் பதினாறு வருஷமாக அந்த நாற்காலியில் இருந்தவர். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லவில்லை. சுற்றுச்சூழல் ஆர்வலர்கூட. ஆனால் க்ஷமாவின் பிரசாரத்தில் பிரதானமான விஷயங்களில் இரண்டு இவை. மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலி, வாடகைக் கட்டுப்பாடு. ஜெயித்தார். கூலிச் சட்டம் 2014 ஜூனிலேயே நிறைவேறிவிட்டது.

வாடகை?

இங்கேதான் எனக்கு உதைத்தது. வாஷிங்டன் மாநிலத்தில் 1981-ல் போட்ட ஒரு சட்டம் இருக்கிறது. எந்த நகரசபையும் வாடகையைக் கட்டுப்படுத்தக் கூடாது. புள்ளி. அதாவது கூலியை ஏற்ற நகரசபைக்கு அதிகாரம் உண்டு. வாடகையைப் பிடித்து நிறுத்த அதிகாரம் இல்லை. கூலி ஏறினால் அடுத்து எது ஏறும் என்பது எல்லா ஊர் ஹவுஸ் ஓனர்களுக்கும் தெரியும்.

"அப்ப தன்னால முடியாததைச் சொல்லி ஓட்டு வாங்கியிருக்காங்க. நம்ம ஊர் ஆளுங்களுக்கும் அவங்களுக்கும் என்ன ஸார் வித்தியாசம்?" என்றேன்.

"சட்டம் இருக்குங்கறதை மறைச்சாங்களா? அதை எடுக்கணும்னுதானே கத்தினாங்க" என்றார் நண்பர்.

அதற்கு உடனே பதில் தோன்றவில்லை.

இன்னொரு சங்கடமும் இருந்தது. பி.காம். படித்தபோது பொருளாதார வாத்தியார் போர்டில் இரண்டு கோடுகளைக் குறுக்கே போட்டு, "விலைக்கு உச்சவரம்பு வெச்சா சரக்கு மறைஞ்சு போகும்" என்று சொல்லிக் கொடுத்தார். வாடகைக்கு வரம்பு வைத்தால் புதிதாக வீடு கட்ட எவன் வருவான் என்பதுதான் க்ஷமாவின் எதிர்ப்பாளர்களும் கேட்டது. நியாயமான கேள்வி. ஸியாட்டிலில் வேலை வந்த வேகத்துக்கு வீடு வரவில்லை. வீடு கட்டக்கூடிய நிலத்தில் பெரும்பகுதியில் தனி வீடு மட்டும்தான் கட்டலாம் என்று பல வருஷம் விதி வைத்திருந்தார்கள். அடுக்குமாடி கட்டத்தான் வேண்டும். ஆனால் கட்டி முடிக்கிற வரைக்கும் குடித்தனக்காரன் எங்கே போய்ப் படுப்பான் என்று என் வாத்தியாரின் கோடு சொல்லவில்லை. (வாத்தியாருக்குச் சொந்த வீடு இருந்தது.)

முன் கதவு பூட்டியிருக்கிறது, சாவி மாநில அரசிடம். க்ஷமாவும் அவரோடு சேர்ந்த வாடகைதாரர்களும் என்ன செய்தார்கள்? வீட்டைச் சுற்றி வந்து ஒவ்வொரு ஜன்னலாகத் தட்டிப் பார்த்தார்கள். எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமே இதுதான்.

2015-ல் ஊரின் தெற்கே ஒரு சின்ன அடுக்குமாடி. கரப்பான், எலி, சுவரெல்லாம் பூஞ்சை. புதிதாக வாங்கிய சொந்தக்காரர் வாடகையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கினார். எலிக்கும் சேர்த்து வாடகை போலிருக்கிறது! குடியிருந்தவர்கள் கூச்சல் போட, க்ஷமாவும் இன்னொரு கவுன்சிலரும் நேரில் போனார்கள். நகரசபை இன்ஸ்பெக்டர்கள் பின்னாலேயே வந்து 200-க்கும் மேற்பட்ட குறைகளை எழுதினார்கள். 2016-ல் சட்டம் வந்தது: அடிப்படை வசதி சரியில்லாத வீட்டுக்கு, ரிப்பேர் முடியும் வரை வாடகை ஏற்றக் கூடாது. வாடகையைக் கட்டுப்படுத்தவில்லை, பாருங்கள். ஒழுகுகிற கூரையைத்தான் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். அந்தச் சட்டத்தை ஊரே அந்த ஹவுஸ் ஓனர் பெயரால்தான் அழைக்கிறது. மனிதருக்கு இலவசமாக அமரத்துவம்.

அதே வருஷ டிசம்பரில் இன்னொன்று. டெபாசிட், அந்தக் கட்டணம், இந்தக் கட்டணம் எல்லாம் சேர்ந்து ஒரு மாத வாடகையைத் தாண்டக் கூடாது. அதையும் தவணையில் கட்டலாம். பத்து மாச அட்வான்ஸுக்கு மனைவியின் வளையலை அடகு வைத்த என் போன்றவர்கள் இந்த வரியை இரண்டு தரம் படித்துப் பெருமூச்சு விடலாம்.

2021-ல் இரண்டு. வாடகையை ஏற்றுவதென்றால் 180 நாள் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். பத்து சதவிகிதமோ அதற்கு மேலோ ஏற்றி, வருமானம் குறைந்த ஒருவர் அதனால் காலி செய்ய நேர்ந்தால், ஓனர் மூன்று மாத வாடகையை அவர் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும்.

இதற்கெல்லாம் அந்த அம்மாள் சம்பளம் வாங்கவில்லையா? வாங்கினார். கவுன்சிலர் சம்பளம் வருஷத்துக்கு லட்சம் டாலருக்கு மேல். அதில் 40 ஆயிரம் மட்டும் தனக்கு, மீதி போராட்ட நிதிக்கு என்று வைத்துக்கொண்டார். (எங்கள் வார்டில் இதைச் சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்கள்.)

2018-ல் பெரிய கம்பெனிகள் மீது தலைக்கு 275 டாலர் வரி போட்டு அந்தப் பணத்தில் ஏழைகளுக்கு வீடு என்று நகரசபை ஒருமனதாகத் தீர்மானித்தது. அதற்கு முன்பே அமேஸான் தன் புதுக் கட்டட வேலையை நிறுத்தி வைத்து முறைத்திருந்தது. ஒரே மாதத்துக்குள் வரி ரத்து! ரத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் க்ஷமா. அடுத்த வருஷத் தேர்தலில் அமேஸான் தன் கட்சிக்காரர்களுக்காக, மன்னிக்கவும், தனக்குப் பிடித்த வேட்பாளர்களுக்காக, சுமார் 15 லட்சம் டாலர் இறக்கியது.

தேர்தல் ராத்திரி முதல் எண்ணிக்கையில் க்ஷமா எட்டு சதவிகிதம் பின்னால். கதை முடிந்தது என்றார்கள். ஆனால் அங்கே எல்லாம் தபால் ஓட்டு. தேர்தல் நாள் முத்திரை விழுந்திருந்தால் போதும், பிறகு வந்து சேர்ந்தாலும் எண்ணுவார்கள். நாலைந்து நாளில் கணக்குத் தலைகீழாகி ஜெயித்துவிட்டார். 2013-லும் இதே மாதிரிதான். குடித்தனக்காரர்கள் வாடகையைப் போலவே ஓட்டையும் கடைசி நாளில்தான் கொடுக்கிறார்கள்! 2020-ல் பழையதைவிடப் பெரிய வரியே வந்துவிட்டது. அந்த மசோதாவைக் கொண்டுவந்தவர் வேறு கவுன்சிலர்; க்ஷமா கேட்டது அதையும்விடப் பெரிசு.

சண்டைக்காரி என்ற பெயர் அவருக்கு உண்டு. கூட இருப்பவர்களோடும் ஒத்துப்போகாதவர் என்ற குறையில் உண்மையும் இருக்கிறது. 2021 டிசம்பரில் அவரைத் திரும்ப அழைக்க ஓட்டெடுப்பு வைத்தார்கள். தப்பித்தது 310 ஓட்டில். என் அப்பார்ட்மெண்ட் அசோஸியேஷனிலேயே அதைவிட அதிக ஓட்டு இருக்கும்.

சரி, அசல் வாக்குறுதி? மாநிலம் தடையை நீக்கும் அன்றே நடைமுறைக்கு வரும்படி ஒரு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இப்போதே எழுதி வைத்துவிடலாம் என்றார். சாவி வருவதற்கு முன் பூட்டுக்கு எண்ணெய் போடுகிற வேலை. 2023 ஆகஸ்டில் ஓட்டுக்கு விட்டார்கள். ஆதரவு 2, எதிர்ப்பு 6. அந்த வருஷக் கடைசியோடு அவரும் நகரசபையை விட்டுப் போனார். மறுபடி அதற்கு நிற்கவில்லை.

2025 மே மாதம் மாநில அரசே ஒரு வரம்பு போட்டது. வருஷத்துக்கு 7 சதவிகிதமும் விலைவாசி உயர்வும் சேர்ந்தது, அல்லது 10 சதவிகிதம், எது குறைவோ அதற்கு மேல் ஏற்ற முடியாது. புதுக் கட்டடங்களுக்கு 12 வருஷம் விலக்கு. (என் வாத்தியாருக்கும் ஒரு பங்கு!) கொண்டுவந்தவர்கள் வேறு ஆட்கள். க்ஷமா கேட்டதும் இது இல்லை. நகரசபைகளுக்கான 1981 தடையும் அப்படியே இருக்கிறது. ஆனால் 2013-ல் இந்தப் பேச்சை எடுத்தபோது சட்டம் தெரியாத பொம்பளை என்று சிரித்த ஊரில், பன்னிரண்டு வருஷத்தில் கவர்னர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

இந்த உற்சாகத்தில் நேற்று மாடிப்படி ஏறிப் போனேன். "ஸார், ஸியாட்டில்னு ஒரு ஊர்ல வாடகை ஏத்தணும்னா ஆறு மாசம் முன்னாடியே எழுத்து மூலமா நோட்டீஸ் தரணும், தெரியுமா?"

ஹவுஸ் ஓனர் கவனமாகக் கேட்டார். உள்ளே போய்ப் பேப்பரும் பேனாவும் எடுத்து வந்தார்.

"நல்ல சட்டமா இருக்கே! இந்த ஆயிரத்து ஐந்நூறு இப்ப. ஆறு மாசம் கழிச்சு இன்னொரு ஆயிரம். இந்தாங்க, நோட்டீஸ்."